மருத்துவ மாநாட்டில் ஒரு பயிலரங்கு: திட்டமிடுவது முதல் இடங்களை நிரப்புவது வரை

மாநாட்டு அமைப்புக் குழுவில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவரிடம் பெரும்பாலும் வந்து சேரும் பொறுப்பு, மாநாட்டுக்கு முந்தைய நாள் பயிலரங்கு. மண்டபம், விருந்து, தொடக்க விழா ஆகியவற்றை மூத்தவர்கள் பங்கிட்டுக்கொண்ட பிறகு, "இதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் டாக்டர்" என்று மீதமிருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பொறுப்பேற்றவருக்காகவே இந்த விளக்கம். விபத்தில் அடிபட்டு வருபவரின் வயிற்றிலும் இதய உறையிலும் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று அவசர சிகிச்சைப் பிரிவிலேயே அல்ட்ராசவுண்ட் கொண்டு பார்க்கும் 'ஃபாஸ்ட்' பரிசோதனைக்கான பயிலரங்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதற்படி: ஒரு வாக்கியம் எழுதுங்கள்

பேச்சாளர்களை அழைப்பதற்கு முன்பே, பயிலரங்கு முடியும்போது பங்கேற்பாளரால் எதைச் செய்ய முடியும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். "அல்ட்ராசவுண்ட் குறித்த புரிதலை மேம்படுத்துதல்" என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. "கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலும், மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் இடையிலும், இடுப்புக்குழியிலும், இதய உறையிலும் எடுக்க வேண்டிய நான்கு காட்சிகளையும் பிறர் உதவியின்றித் தாமே எடுத்துக்காட்டுவார்" என்பதே எழுத வேண்டிய வாக்கியம். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் திறனை நான்கு அடுக்குகளாகப் பிரித்தார்: அறிவது, எப்படிச் செய்வது என்று அறிவது, செய்து காட்டுவது, பணியிடத்தில் செய்வது. சொற்பொழிவு இரண்டாம் அடுக்கைத் தாண்டுவது அரிது. பயிலரங்குக்குத் தனிக் கட்டணம் வாங்குவதற்கு நியாயம் மூன்றாம் அடுக்கில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: புரோபைப் பிடிக்கும் நிமிடங்களைக் கணக்கிடுங்கள்

நான்கு மேசைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கேன் கருவி, உடலின்மேல் வைத்துப் பார்க்கும் அதன் கைப்பிடியான புரோப், படுத்துக்கொள்ள ஒரு தன்னார்வலர், ஒரு பயிற்றுநர். ஒரு மேசைக்கு ஆறு பேர், சுற்றுக்கு 30 நிமிடம் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். நான்கு சுற்றுக்கும் சேர்த்து 20 நிமிடம். ஆக 24 இடங்கள். "நாற்பது பேரைச் சேர்த்தால் வரவு கூடுமே" என்று பொருளாளர் கட்டாயம் கேட்பார். அப்படிச் செய்தால் மேசைக்குப் பத்துப் பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். ஜெல்லைத் தடவி, புரோபின் குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெளிவதற்குள் அடுத்தவர் கை நீட்டிவிடுவார். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் குழுக் கூட்டத்தில் காட்டினால் வாதம் விரைவில் முடியும். அடிப்படை விளக்கங்களைக் காணொளிகளாக முன்கூட்டியே அனுப்பிவிட்டால், காலைச் சொற்பொழிவை ஒரு மணி நேரத்தில் முடித்து, மாலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே செய்துகாட்டச் சொல்லிச் சோதிக்க நேரம் மிஞ்சும்.

மூன்றாம் படி: அனுமதிகள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டம் ஸ்கேன் கருவிகளின் பதிவையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்துகிறது. மருத்துவமனையிலிருந்து ஓட்டல் அரங்குக்குக் கருவியைக் கொண்டுவருவதானால், மாவட்டத்தின் உரிய அலுவலரிடம் எழுத்து மூலம் முன்அனுமதி பெற்றுக் கோப்பில் வைத்திருங்கள். கருவி தரும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். தன்னார்வலர்களாக ஆண்களையே அமர்த்திக்கொண்டால் தேவையற்ற கேள்விகள் எழாது.

மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள் கூறுகின்றன. ஆகவே மாநில மருத்துவ கவுன்சிலின் கிரெடிட் மணி நேரத்துக்கு முன்னதாகவே விண்ணப்பியுங்கள். பதிவுப் படிவத்தில் கவுன்சில் பதிவெண்ணையும் கட்டாயமாகக் கேளுங்கள். மருந்து நிறுவனங்களின் ஆதரவைப் பொறுத்தவரை, மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட விற்பனை நடைமுறை நெறித்தொகுப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது: பேச்சாளர் அல்லாத மருத்துவருக்கு நிறுவனங்கள் பயணச் செலவும் தங்குமிடமும் தரக் கூடாது என்கிறது அது.

நான்காம் படி: விளம்பரம்

முதற்படியில் எழுதிய வாக்கியம் இப்போது கைகொடுக்கும். சுவரொட்டியின் பெரிய எழுத்து அதுவே ஆகட்டும். நம் மாநாட்டுச் சுவரொட்டிகளில் புரவலர்களின் படங்களே பாதி இடத்தை அடைத்துக்கொள்வதால், கற்பிக்கப் போவது என்ன என்பதைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. படங்களை மாநாட்டு மலருக்கு ஒதுக்கிவிட்டு, இப்படி எழுதிப் பாருங்கள்: "நான்கு காட்சிகள், நான்கு மேசைகள், ஆளுக்கு 20 நிமிடம் புரோப் உங்கள் கையில். 24 இடங்கள் மட்டும்." வாட்ஸாப்பில் பார்ப்பவர் விரலை நிறுத்துவது அந்த 20 நிமிடத்தில்தான்.

பதிவு செய்பவர் முதுநிலை மாணவராகவோ பணி மருத்துவராகவோ இருப்பார். விடுப்பு கொடுப்பவர் துறைத்தலைவர். இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது வீண். மாணவருக்குச் சுவரொட்டி போதும். துறைத்தலைவருக்கோ, "தங்கள் துறையிலிருந்து இருவரை அனுப்பிவைக்க வேண்டுகிறோம்" என்று பெயரிட்டு எழுதிய கடிதம், கிரெடிட் மணி நேர விவரத்துடன், ஆறு வாரங்களுக்கு முன்பாவது போய்ச் சேர வேண்டும். தேதியை உறுதி செய்யுமுன் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையைப் பாருங்கள். தேர்வு வாரத்தில் எந்த விளம்பரமும் எடுபடாது.

மாநாட்டுக்கு வராதவரும் பயிலரங்குக்கு மட்டும் பதிவு செய்ய வழி இருக்கட்டும். கட்டணத்தை ஜிஎஸ்டி உட்பட ஒரே தொகையாகக் காட்டுங்கள். நிரம்பிய இடங்களின் உண்மையான எண்ணிக்கையை வாரந்தோறும் வாட்ஸாப் குழுக்களில் சொல்லுங்கள். "சில இடங்களே உள்ளன" என்ற வாசகத்தை இப்போது யாரும் நம்புவதில்லை. காத்திருப்போர் பட்டியலும் தேவை, ஏனெனில் பணிநேர மாற்றத்தால் கடைசி நாளில் ஓரிருவர் வர இயலாமல் போவது வழக்கம்.

ஐந்தாம் படி: அளவிடுங்கள்

ஒரு பயிற்சி எவ்வளவு பயன்தந்தது என்று மதிப்பிட டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு நிலைகளில், "உணவு நன்றாக இருந்ததா, பேச்சாளர் நன்றாகப் பேசினாரா" என்று கேட்கும் நம் கருத்துப் படிவம் பங்கேற்பாளருக்குப் பிடித்திருந்ததா என்ற முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. காலையில் ஒரு தேர்வும் மாலையில் அதே வினாக்களும் வைத்தால், என்ன கற்றார்கள் என்ற இரண்டாம் நிலையை எட்டலாம். மூன்றாம் நிலையான பணியிட மாற்றத்துக்கு, ஆறு வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரே கேள்வி அனுப்புங்கள்: "பயிலரங்குக்குப் பின் எத்தனை நோயாளிகளுக்கு ஃபாஸ்ட் செய்தீர்கள்?" செய்யவில்லை என்பவர்களிடம் காரணத்தையும் கேளுங்கள். பிரிவில் கருவி இல்லையா, இருந்தும் தொட விடவில்லையா என்பதைப் பொறுத்து, அடுத்த ஆண்டு யாரை அழைப்பது, துறைத்தலைவர் கடிதத்தில் எதைச் சேர்ப்பது என்பவை மாறும்.