நெதர்லாந்துல பழைய காத்தாலைக்குள்ள ஏறிப் பார்க்கறது எப்படி, எங்க போகணும், என்ன கவனிக்கணும்

நெதர்லாந்து போறவங்கள்ல முக்கால்வாசி பேர் காத்தாலைய வெளிய நின்னு பார்த்து, நாலு போட்டோ எடுத்து, சீஸ் வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிடறாங்க, எனக்கு அது ரொம்ப மனசு கஷ்டமா இருக்கும். அந்த இறக்கை சுத்தற சக்தி உள்ள எங்கெங்க போகுது, கடைசில என்ன வேலை பார்க்குதுன்னு படிப்படியா ஏறிப் பார்த்தாத்தான் அந்த மெஷின் புரியும். 19ஆம் நூற்றாண்டு நடுவுல அங்க சுமார் 10,000 மில் இருந்துச்சு, அப்புறம் நீராவி, டீசல், கரண்ட்னு ஒண்ணு ஒண்ணா வர வர இதையெல்லாம் இடிச்சுட்டாங்க, தண்ணில ஓடற மில்லையும் சேர்த்து இப்ப சுமார் 1,200தான் மிச்சம். அதுல நிறைய மில் ரிப்பேர் பண்ணி ஓடற நிலைமைலயே இருக்கு, இதுதான் பெரிய விஷயம், கண்ணாடிப் பெட்டில வெச்ச பொருள் கிடையாது, காத்து வந்தா வேலை செய்யற மெஷின்.

முதல்ல எந்த மில்லுக்குப் போறதுன்னு முடிவு பண்ணுங்க. காத்தாலைன்னா மாவு அரைக்கறதுன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. தண்ணி இறைக்கற மில், மாவு மில், மரம் அறுக்கற மில், எண்ணெய் ஆட்டற மில், பெயின்ட்டுக்குப் பொடி அரைக்கற மில்னு தனித்தனியா இருக்கு, வெளிய ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள போனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. ஒரே நாள்தான் இருக்குன்னா ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல ஸான்சே ஸ்கான்ஸ் போங்க, ஏன்னா மரம், எண்ணெய், பெயின்ட் மூணும் ஒரே ஆத்தங்கரையில இருக்கு. இன்னொரு நாள் கிடைச்சா கண்டிப்பா ஒரு தண்ணி இறைக்கற மில், அது இல்லாம அந்த நாட்டோட கதை புரியாது.

எப்ப போறதுங்கறது எங்க போறதுங்கறத விட முக்கியம். காத்து இல்லாத நாள்ல போனா எல்லாம் அப்படியே நிக்கும், சும்மா மரச் சக்கரத்தைப் பார்த்துட்டு வரணும். அதனால முந்தின நாள் காத்து எப்படி இருக்குன்னு போன்ல பார்த்துக்கோங்க. சின்ன ஊர் மில் நிறைய இடத்துல வாலன்டியர் மில்லர்ங்கதான் ஓட்டறாங்க, அவங்களுக்கு வாரநாள்ல வேற வேலை இருக்கும், அதனால சனிக்கிழமை நல்ல நாள். மில் சுத்துது, கூடவே ஒரு நீலக்கலர் நீளக் கொடி தொங்குதுன்னா உள்ள வரலாம்னு அர்த்தம், தயங்காம போய் எட்டிப் பாருங்க. வருஷா வருஷம் மே மாசம் ரெண்டாவது சனி ஞாயிறு தேசிய மில் நாள், நாடு முழுக்க நூத்துக்கணக்குல மில் திறந்திருக்கும், டூர் பிளான் பண்றவங்க அந்த வாரத்தை ஒட்டிப் போனீங்கன்னா மத்த நாள்ல பூட்டியே இருக்கற மில்லுக்குள்ள கூட போகலாம்.

போன உடனே உள்ள ஓடாதீங்க, ஒரு கால் மணி நேரம் வெளியவே சுத்தி வாங்க. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் இறக்கை திரும்பியாகணும், அத எப்படித் திருப்பறாங்கன்னு பார்த்தாலே அது என்ன வகை மில்னு பாதி தெரிஞ்சுடும். ரொம்பப் பழைய வகையில மில்லோட உடம்பு மொத்தமும் ஒரு பெரிய தூண் மேல உக்காந்திருக்கும், மொத்த வீட்டையும் தள்ளித் திருப்பணும். அப்புறம் வந்ததுல உச்சில இருக்கற தொப்பி மாதிரி தலைப்பகுதி மட்டும் திரும்பும், பின்னாடி தரை வரைக்கும் நீளமா ஒரு மரவால் இறங்கி வரும், அதோட அடியில ஒரு சக்கரம் இருக்கும், மில்லர் அதைச் சுத்தினா சங்கிலியோ கயிறோ இழுத்து டன் கணக்குல எடை உள்ள தலை மெதுவா நகரும். வாலே இல்லையா, அப்ப உள்ளேர்ந்து திருப்பற வகை, வடக்கு ஹாலந்துல இது நிறைய. உயரத்துல சுத்தி பால்கனி வெச்சிருந்தா அது அழகுக்கு இல்ல, ஊருக்குள்ள வீட்டுக்கு மேல காத்து பிடிக்கணும்னு மில்லை உயரமாக் கட்டிட்டாங்க, அப்ப இறக்கையில துணி கட்டவும் தலையைத் திருப்பவும் நிக்க இடம் வேணுமே, அதுக்குத்தான். ஸ்கீடாம்ங்கற ஊர்ல இருக்கற டி நோர்ட் மில் 33 மீட்டருக்கு மேல உயரம், ஜெனீவர்னு ஒரு மதுபானம் காய்ச்சறதுக்கு தானியம் அரைக்கக் கட்டினது, அந்த ஊர்ல இப்படி ராட்சச மில் வரிசையா நிக்கும்.

இறக்கையையும் நல்லா பாருங்க. ஒரு முனையிலேர்ந்து எதிர் முனைக்கு 25 மீட்டருக்கு மேல கூட இருக்கும், சட்டம் சட்டமா மரம் வெச்சு அதுமேல பாய்மரத்துணி மாதிரி துணி விரிச்சிருப்பாங்க, காத்து ஜாஸ்தியானா துணிய சுருட்டறது, கம்மியானா முழுசா விரிக்கறது, இது ஒவ்வொரு இறக்கைக்கும் தனித்தனியா கைல செய்யற வேலை. முன்னாடி நின்னு பார்த்தா இடப்பக்கமா, அதாவது கடிகாரத்துக்கு எதிரா சுத்தும். மில்லருங்க வேகத்தைச் சுத்துக் கணக்குல சொல்றதில்ல, ஒரு நிமிஷத்துல எத்தனை இறக்கை முனை கீழ தாண்டுதுன்னு எண்ணுவாங்க, 60லேர்ந்து 80 வரைக்கும் போச்சுன்னா நல்லா வேலை நடக்குதுன்னு அர்த்தம், நீங்களும் போன்ல டைமர் வெச்சு எண்ணிப் பாருங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, சில மில்லுல இறக்கை தரைக்கு ரொம்பப் பக்கத்துல வரும், வேலி இருந்தாலும் இல்லைன்னாலும் இறக்கைப் பக்கம் போகவே கூடாது, குழந்தைங்க கையைப் பிடிச்சுக்கோங்க. சத்தமே இல்லாம வரும் அது.

உள்ள ஏணிப்படி செங்குத்தா இருக்கும், ஏறும்போது ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும், இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்பக்கமா இறங்கணும். தொளதொள துப்பட்டா, மஃப்ளர், பையில தொங்கற வார் எல்லாம் கீழயே வெச்சுடுங்க, பல்சக்கரம் திறந்துதான் கிடக்கும். மில்லர் விட்டா நேரா உச்சிக்குப் போயிடுங்க, அங்கேர்ந்து சக்தி இறங்கற வழியிலயே நீங்களும் இறங்கி வாங்க, இதுதான் நான் எல்லாருக்கும் சொல்ற ஒரே வழி.

உச்சில இறக்கையோட அச்சு லேசா சாஞ்ச மாதிரி உள்ள வரும், அதுல ஒரு பிரம்மாண்டமான மரப் பல்சக்கரம். அதோட விளிம்பைச் சுத்தி வளைஞ்ச மரக்கட்டைங்க இருக்கும், அதுதான் பிரேக், ஒரு கனமான உத்தரம் கீழ இறங்கினா கட்டை எல்லாம் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். புயல்ல இந்த பிரேக் பிடிக்காம போச்சுன்னா மரத்தோட மரம் உரசி நெருப்பே பிடிச்சுக்கும், பழைய காலத்துல நிறைய மில் அப்படித்தான் எரிஞ்சு போச்சு. அச்சு உக்காந்திருக்கற இடத்துல பன்னிக் கொழுப்பு தடவறாங்க, பல்லுக்கு தேன்மெழுகு, இன்னைக்கும் அதேதான், அந்த வாசனை மில்லுக்குள்ள தங்கிடும். ஒரு பல்லைத் தொட்டுப் பார்க்கணும்னா மில் நிக்கும்போது கேட்டுட்டுத் தொடுங்க. ஒவ்வொரு பல்லும் தனியா கழட்டி மாத்தற மாதிரி செருகின கெட்டி மரம், ஒண்ணு உடைஞ்சா அதை மட்டும் மாத்தினா போதும். பல மில்லுல ரெண்டு சக்கரத்தோட பல் எண்ணிக்கையும் ஒண்ணால ஒண்ணு வகுபடாத மாதிரி வெச்சிருப்பாங்க, அப்பத்தான் ஒரே பல்லு ஒரே பல்லையே திரும்பத் திரும்ப இடிக்காம தேய்மானம் எல்லாத்துக்கும் சமமாப் போகும், என்ன ஒரு யோசனை பாருங்க.

அங்கேர்ந்து நடுவுல ஒரு தடி மரத்தூண் நேரா கீழ இறங்கி சுத்தும். மாவு மில்லா இருந்தா அது ரெண்டு பெரிய கல்லுகிட்ட வந்து முடியும், கீழ்க்கல்லு அசையாது, மேல்க்கல்லு சுத்தும், நம்ம வீட்டுத் திருகையேதான், என்ன மேல்க்கல்லு ஒண்ணே ஒரு டன் பக்கம் எடை இருக்கும். மாவு கொட்டற குழாய்கிட்ட நின்னு மில்லர் மாவை விரல்ல தேய்ச்சுப் பார்த்துட்டே இருப்பார், சூடாயிடுச்சா, நரநரன்னு இருக்கான்னு பார்த்து கல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை முடி அளவு ஏத்தி இறக்குவார். மூட்டையை மேல தூக்கறதும் காத்துதான். இதையெல்லாம் நிதானமாப் பார்க்கணும்னா லைடன்ல டி ஃபால்க், 1743ல கட்டினது, இப்ப மியூசியம், ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம்.

தண்ணி இறைக்கற மில்லுக்கு வருவோம். கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கற நிலத்தைச் சுத்தி கரை கட்டி, உள்ள இருக்கற தண்ணிய இறைச்சு வெளிய தள்ளி உண்டாக்கின நிலத்துக்குத்தான் போல்டர்னு பேர். மழை பெய்யற வரைக்கும் அந்த வேலை முடியவே முடியாது, இறைச்சுக்கிட்டே இருக்கணும். ஸ்கெர்மர்ங்கற ஏரியை 1635ல இப்படி வத்த வெச்சாங்க, அதுக்கு 52 மில் வேலை பார்த்துச்சு, இன்னைக்கு 11 இருக்கு. ஏன் அத்தனைன்னா ஒரு மில்லால தண்ணிய கொஞ்ச உயரம்தான் தூக்க முடியும், அதனால கீழ் மில் தூக்கி நடு மில்லுக்குக் கொடுக்கும், அது மேல் மில்லுக்குக் கொடுக்கும், படி படியா ஏறிப்போய் வெளி வாய்க்கால்ல விழும். ஸ்கெர்மர்ஹோர்ன்ல மியூசியம் மில் இருக்கு, உள்ள மில்லர் குடும்பம் வாழ்ந்த கட்டில், அடுப்பு, அதுக்குப் பக்கத்துலயே சுத்தற தூண், குழந்தை குட்டியோட இதுக்குள்ள எப்படித்தான் இருந்தாங்களோன்னு இருக்கும். தண்ணி தூக்கறதுல ரெண்டு முறை, ஒண்ணு துடுப்பு வெச்ச பெரிய சக்கரம், இது ஒண்ணரை மீட்டர் பக்கம் தூக்கும், இன்னொண்ணு ஆர்க்கிமிடீஸ் திருகு, சாஞ்ச தொட்டில நீளமா கிடக்கும், இது இன்னும் ஜாஸ்தி தூக்கும். நீங்க போற மில்லுல எது இருக்குன்னு கேட்டுட்டு, வெளிய தண்ணி வந்து விழற வாய்கிட்ட போய் ரெண்டு பக்க மட்டத்தையும் கண்ணால ஒப்பிட்டுப் பாருங்க.

கிண்டர்டைக் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம், 19 மில், 1997லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. ராட்டர்டாம்லேர்ந்து வாட்டர்பஸ்ல போறது அழகு. வாய்க்காலுக்கு ஒரு பக்கம் 1738ல கட்டின செங்கல் மில் எட்டு, இன்னொரு பக்கம் 1740ல கட்டின எட்டுப்பட்டை ஓலை மில் எட்டு, வரிசையா நிக்கறப்ப வித்தியாசம் பளிச்னு தெரியும். உள்ள போகறதுக்குன்னு மியூசியம் மில் இருக்கு, மத்ததுல நிறைய மில்லுல இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க, அதனால ஜன்னல்ல எட்டிப் பார்க்கறது, தோட்டத்துல இறங்கறது எல்லாம் வேண்டாம். இப்ப தண்ணி இறைக்கற வேலைய மோட்டார் பம்பிங் ஸ்டேஷன்தான் செய்யுது, ஆனா ரெண்டாம் உலகப்போர்ல எரிபொருள் இல்லாம போனப்ப இந்தப் பழைய மில்லுங்கதான் திரும்ப இறங்கி இறைச்சுச்சு.

ஸான்சே ஸ்கான்ஸுக்கு ஸான்டைக் ஸான்சே ஸ்கான்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா போதும். அந்த வட்டாரத்துல ஒரு காலத்துல ஒரே சமயத்துல 600க்கு மேல மில் ஓடுச்சு, ஒரு பெரிய தொழிற்பேட்டைதான் அது. மரமில் ஹெட் யோங்க ஸ்காப்ல முதல்ல நுழைங்க. சுத்தற அச்சை மேல கீழ போற அசைவா மாத்தற கிராங்க் இருக்கே, அதைத்தான் ஊட்கேஸ்ட் ஊர்க்காரர் கார்னேலிஸ் கார்னேலிஸ்ஸோன் மரமறுக்கற காத்தாலைக்குள்ள கொண்டுவந்தார், 1593ல பேட்டன்ட் வாங்கினார், அதுக்கப்புறம் பலகை அறுக்கற வேகம் பல மடங்கு ஏறி டச்சுக்காரங்க கப்பல் கப்பலாக் கட்ட ஆரம்பிச்சாங்க. வாள் வரிசை மேல கீழ போகும்போது ஒவ்வொரு அறுப்புக்கும் மரத்தை கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி இழுக்கற பல்சக்கரம் ஒண்ணு இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிங்க. எண்ணெய் மில்லுல, டி ஸூகர் மாதிரி, செங்குத்தா உருளற ரெண்டு கல்லு விதைய நசுக்கும், அதை சூடு பண்ணி, பையில போட்டு, ஆப்பு வெச்சு மேலேர்ந்து உலக்கை விழுந்து இடிக்கும், காது அடைக்கும் சத்தம், பக்கத்துல இருக்கறவர்கிட்ட பேசக்கூட முடியாது. டி காட்ல கலர்ப் பொடி அரைக்கறாங்க, பழைய ஓவியம் ரிப்பேர் பண்றவங்க இன்னும் அங்கேர்ந்து வாங்கறாங்க, மேல பால்கனிக்குப் போக விடுவாங்க, இறக்கை முகத்துக்கு முன்னாடி வீசிட்டுப் போறதை அங்கதான் உணர முடியும்.

ரெஸ்டோர் பண்ணின மில்னா எல்லாமே பழசுன்னு அர்த்தமில்ல, இதையும் மில்லர்கிட்ட கேளுங்க. ஹெட் யோங்க ஸ்காப்பை 1942ல இடிச்சுட்டாங்க, இடிக்கறதுக்கு முன்னாடி அளவெடுத்து வரைஞ்ச படங்களை வெச்சு 2007ல புதுசாக் கட்டி முடிச்சாங்க. ஹார்லெம்ல டி ஆட்ரியான் 1932ல எரிஞ்சு போய் 2002லதான் திரும்ப எழுந்துச்சு. என்னைக் கேட்டா இதுல குறை ஒண்ணும் இல்ல, மரமும் துணியும் காலத்துக்கும் நிக்காது, மாத்திக்கிட்டே இருந்தாத்தான் மில் உயிரோட இருக்கும், ஓடற மில்தான் கெட்டுப் போகாம இருக்கும், நிறுத்தி வெச்சா புழுவும் ஈரமும் தின்னுடும். 1923ல டி ஹாலண்ட்ஷ மோலன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு காப்பாத்தலைன்னா இந்த 1,200 கூட மிஞ்சியிருக்காது. இப்ப பெரிய பிரச்சனை காத்துதான், மில்லைச் சுத்தி மரம் வளர்ந்து, அபார்ட்மென்ட் வந்து காத்தை மறைச்சுடுது. மில்லர்கிட்ட இதைப் பத்தி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, அரை மணி நேரம் பேசுவார். கேட்க இன்னும் நிறைய இருக்கு, இடி இடிச்சா என்ன பண்ணுவீங்க, எப்ப துணியைக் குறைக்கணும்னு எப்படித் தெரியுது, இறக்கையை நிறுத்தற நிலைக்கு என்ன அர்த்தம்னு. மேல் இறக்கை உச்சியைத் தொடறதுக்கு கொஞ்சம் முன்னாடி நின்னா சந்தோஷம், உச்சியைத் தாண்டி நின்னா துக்கம், 2014ல நிறைய டச்சுக்காரங்க போன எம்எச்17 விமானம் விழுந்தப்ப நாட்டுல நிறைய மில் அப்படித் துக்க நிலையில நின்னுச்சு.

வேலை விஷயமா ஆம்ஸ்டல்ஃபேன், ஐந்தோவன் பக்கம் குடியிருக்கறவங்க பார்த்துட்டு வர்றதோட நிறுத்த வேண்டாம், கத்துக்கவே கத்துக்கலாம். 1972ல ஆரம்பிச்ச வாலன்டியர் மில்லர் சங்கம் ஒண்ணு பயிற்சி கொடுக்குது, ஒரு மில்லர்கிட்ட சேர்ந்து குறைஞ்சது 150 மணி நேரம், எல்லா சீசன்லயும், காத்து நல்லா அடிக்கற நாள்லயும் கூட நின்னு ஓட்டிப் பழகி அப்புறம் பரீட்சை. இந்த மில்லர் தொழிலை 2017ல யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துச்சு. டச்சு கொஞ்சமாவது தெரியணும், ஏன்னா ஒவ்வொரு கயித்துக்கும் கட்டைக்கும் டச்சுலதான் பேர் இருக்கு, உயரம்னா பயமும் இருக்கக் கூடாது, இறக்கைச் சட்டத்துல ஏறித்தான் துணி கட்டணும். வீட்டுப் பக்கத்துல எந்த மில் சனிக்கிழமை சுத்துதுன்னு பார்த்து, உள்ள போய், கத்துக்கறதுக்கு ஆள் எடுக்கறீங்களான்னு நேரா கேளுங்க.