விமானம் புறப்படும்போது விபத்து நேர்ந்தால்: பயணி செய்ய வேண்டியவை

தரையைவிட்டு எழும்பும் விமானத்தில் அந்தப் பயணத்துக்கான மொத்த எரிபொருளும் இருக்கும். உயரமும் வேகமும் குறைவு. கோளாறு வந்தால் விமானிக்குச் சமாளிக்க அவகாசம் கிடைக்காது. மோதிய கணமே எல்லாம் முடிந்துவிடும் விபத்துகளில் பயணியால் ஆகக்கூடியது எதுவுமில்லை. ஆனால் அடிபடாமல் தப்பியவர்களும் புகையில் மாண்டிருக்கிறார்கள். 1985-இல் மான்செஸ்டரில் ஒரு போயிங் 737 ஓடுபாதையில் ஓடும்போதே இன்ஜின் உடைந்து தீப்பிடித்தது. விமானம் மேலே எழும்பவே இல்லை, ஆனாலும் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். இந்தச் சாவுகளைத் தடுக்க முடியும். அதற்கான வேலை விமானம் நகர்வதற்கு முன்பே தொடங்குகிறது.

உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் உள்ள அவசர வழிகள் எத்தனை வரிசை தள்ளி இருக்கின்றன என்று எண்ணுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, இருக்கைகளைத் தொட்டு எண்ணியபடிதான் போக வேண்டும். ஒரு வழி தீயால் அடைபடலாம், ஆகவே இரண்டையும் எண்ணுங்கள். விமானம் மேலேறி முடியும்வரை ஷூவைக் கழற்றாதீர்கள், ஹெட்ஃபோன் வேண்டாம், தூங்கவும் வேண்டாம்.

சீட் பெல்ட் வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்த பெல்ட் மோதலில் வயிற்றுக்குள் அழுந்தி உள்ளுறுப்புகளைக் கிழிக்கும். பெல்ட்டைக் கழற்றிப் பழகுங்கள்: பதற்றத்தில் பலர் காரில் போலப் பொத்தானைத் தேடுகிறார்கள், இங்கோ மூடியைத் தூக்க வேண்டும்.

"தலையைக் குனியுங்கள்" என்று குரல் வந்தால் நெற்றியை முன் இருக்கையில் அழுத்துங்கள். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்தலையில் வையுங்கள், விரல்களைக் கோக்காதீர்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தரையில் ஊன்றியிருக்க வேண்டும். முன்னே நீட்டிய கால் முன் இருக்கையில் அடித்து முறியும், முறிந்த காலோடு வெளியேற முடியாது. முதல் மோதலோடு எழுந்துவிடாதீர்கள், இன்னொன்று வரலாம். விமானம் முழுதாக நிற்கட்டும்.

பாதி வழிகள் அடைபட்டாலும் 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று சோதனையில் காட்டினால்தான் ஒரு பயணிகள் விமானத்துக்கு அனுமதி. அந்தச் சோதனையில் யாரும் பெட்டியை இறக்குவதில்லை. நீங்களும் எதையும் எடுக்காதீர்கள். ஒருவர் தலைக்கு மேலுள்ள பெட்டி அறையைத் திறந்தால் அவருக்குப் பின்னால் நடைபாதையே நின்றுபோகும். 2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேடாவில் எரிந்த விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வந்ததற்கு, பணியாளர் சொன்னபடி பைகளை விட்டுவிட்டு வந்ததும் ஒரு காரணம்.

புகையில் குனிந்து செல்லுங்கள், ஆனால் தவழாதீர்கள், மிதிபடுவீர்கள். கதவருகே இருப்பவர் திறக்குமுன் ஜன்னல் வழியே பார்க்க வேண்டும்: வெளியே தீ எரிந்தால் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. இறக்கை மேலுள்ள சில கதவுகள் தனியே கழன்று கையில் வரும், எடை கனமானது. மான்செஸ்டரில் அப்படி ஒரு கதவு உள்ளே விழுந்து அருகிலிருந்தவரை அழுத்தியது, பொன்னான விநாடிகள் போயின. அந்த இருக்கை கிடைத்தால் விளக்க அட்டையைக் கட்டாயம் படியுங்கள்.

நீரில் விழுந்தால் லைஃப் ஜாக்கெட்டை அணியலாம், உள்ளே இருக்கும்போது ஊதக் கூடாது. 1996-இல் கொமோரோஸ் கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் முன்கூட்டியே ஊதியவர்கள் மிதந்து கூரையில் சிக்கி, வெளியேற முடியாமல் மூழ்கினார்கள்.

கதவிலிருந்து தரைக்கு விரியும், காற்றடைத்த சறுக்கில் உட்கார்ந்து யோசிக்காமல், கைகளை மார்பில் கட்டிக் குதியுங்கள். இறங்கியதும் காற்று வரும் திசையில் விலகி ஓடுங்கள். எரிபொருள் வெடிக்கலாம், எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள். காயமே இல்லாவிட்டாலும் புகையைச் சுவாசித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், நுரையீரல் வீக்கம் பல மணி நேரம் கழித்தும் வரும்.