கியோட்டோ தோட்டத்தில் செய்யக்கூடாதவை

லண்டன் ஹாலந்து பார்க்குக்குள் இருக்கும் கியோட்டோ தோட்டம் சின்னது. விறுவிறுவென்று நடந்தால் பத்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். பலரும் அப்படித்தான் சுற்றுகிறார்கள், அருவி முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். ஜப்பானியத் தோட்டத்தில் பாதையை வேண்டுமென்றே வளைத்திருப்பார்கள். ஒரு திருப்பத்தில் மறைந்த கல்விளக்கு அடுத்த திருப்பத்தில் வேறு கோணத்தில், வேறு மரத்தடியில் தெரியும். நின்று நின்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சனி, ஞாயிறு மதியம் போகாதீர்கள். அருவியடியில் தண்ணீரை ஒட்டிக் கிடக்கும் கற்பாலம் அகலம் குறைவு. ஒருவர் படம் எடுக்க நின்றால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். வார நாள் காலையில் அதே பாலத்தில் அருவிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். தூறல் போட்டிருந்தால் கல் வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போடுங்கள்.

பாலத்தில் ஆள் நிழல் விழுந்தாலே கொய் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு வந்துவிடும். ஊரில் கோவில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை தானாகப் பையைத் துழாவும். தயவுசெய்து எதையும் போடாதீர்கள். ரொட்டி ஊறி அழுகிக் குளத்தைக் கெடுக்கும். அதோடு, தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கொய்க்குச் செரிமானம் மந்தமாகிவிடும். பக்கத்தில் வந்து நிற்கும் மயில்களுக்கும் தீனி வேண்டாம். பாசிமேல் கால் வைப்பதும் அப்படித்தான். ஒரு மிதியில் பெயர்ந்தது மறுபடி படர மாதக்கணக்காகும்.

இந்தத் தோட்டம் 1991-ல் திறந்தது, கியோட்டோ வணிகச் சபை கொடுத்த பரிசு. அதை ஒட்டியே ஃபுகுஷிமா நினைவுத் தோட்டம் இருப்பது தெரியாமல் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. ஜப்பானில் 2011-ல் வந்த நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு பிரிட்டன் மக்கள் செய்த உதவிக்கு நன்றியாக 2012-ல் திறந்தார்கள். நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் 2004-ல் கடல் ஊருக்குள் வந்ததை அறிந்த நம்மவர்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது.

மேப்பிள் சிவப்பைப் பார்க்க அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் நல்லது. டிசம்பரில் போனால் மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பூங்காவை அதற்கும் முன்பே பூட்டிவிடுவார்கள். டிக்கெட் கிடையாது.