துப்பாக்கியைப் பறித்தது சரியா? எங்கெல்லாம் குழப்பிக்கொள்கிறோம்

அமெரிக்காவில் அரசு ஒருவரின் துப்பாக்கியைப் பறித்தால் உடனே, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தைப் பற்றித்தான் பேச்சு எழும். உண்மையில் கேள்விகள் மூன்று. பறிக்க அரசுக்கு அதிகாரம் உண்டா? அவர் தரப்பைக் கேட்டுவிட்டுத்தான் பறித்தார்களா? இவரிடம் பறித்துவிட்டு அவரை ஏன் விட்டார்கள்? பின்னிரண்டும் உரிய நடைமுறை, சமப் பாதுகாப்பு பற்றியவை. மாநில அரசுகளை 1868-இல் வந்த 14-ஆவது திருத்தமும், மத்திய அரசை ஐந்தாவது திருத்தமும் கட்டுப்படுத்துகின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டு வாதிட்டால் எதற்கும் பதில் கிடைக்காது.

அதிகம் தடுமாறுவது ரெட் ஃபிளாக் சட்டங்களில்தான்; அதாவது, ஆபத்தானவர் என்று கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின்பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பறிக்கும் சட்டங்கள். பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2018-இல் ஃபுளோரிடா கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். போலீஸ் மனுப் போட்டால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே நீதிபதி தற்காலிக உத்தரவு தரலாம். "விசாரணை இல்லாமல் பறித்தாயிற்று, செல்லாது" என்று சொல்வது அவசரம். உடனடி ஆபத்து இருந்தால் முதலில் உத்தரவு, அப்புறம் விரைவாக விசாரணை என்பதை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. இங்கே 14 நாளுக்குள் விசாரணை நடக்க வேண்டும். ஆபத்தைத் தெளிவான, நம்பத்தக்க சான்றுகளோடு போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இறுதி உத்தரவு அதிகபட்சம் 12 மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்.

இந்தச் சட்டங்களின் ஆதரவாளர்களும் சறுக்குகிறார்கள். நீதிபதி கையெழுத்திட்டாலே போதும் என்று நினைக்கிறார்கள். அந்த 14 நாளில் வக்கீல் இல்லாமல் ஒருவர் தன் தரப்பை எப்படிச் சொல்வார்? கொலராடோவின் 2019 சட்டம் அரசுச் செலவிலேயே வக்கீலை அமர்த்துகிறது. மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு இது என்பேன்.

2024 ரஹிமி தீர்ப்பைக் காட்டி எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் தவறு. நீதிமன்றமே ஆபத்தானவர் என்று கண்டறிந்த ஒருவரிடம் தற்காலிகமாகத் துப்பாக்கியைத் தடுக்கலாம் என்று 8-1 கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது இரண்டாவது திருத்தத்தை வைத்துச் சொன்ன பதில்; உரிய நடைமுறைக் கேள்விக்கான பதில் அல்ல.

பயங்கரவாதச் சந்தேகத்தால் விமானம் ஏறத் தடை செய்யப்பட்டோரின் பட்டியலில் (விமானத் தடைப் பட்டியல்) இருப்போருக்குத் துப்பாக்கி விற்கக்கூடாது என்ற யோசனை, 2016-இல் ஆர்லாண்டோ இரவு விடுதித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் சூடுபிடித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர் முறையிடும் ஏற்பாடு உரிய நடைமுறைக்குப் போதாது என்று ஓரிகனிலுள்ள மத்திய நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருந்தது. துப்பாக்கி ஆதரவாளர்கள் மட்டுமல்ல, அமெரிக்கக் குடிசார் உரிமைச் சங்கமும் (ஏசிஎல்யு) இந்த யோசனையை எதிர்த்தது.

சமப் பாதுகாப்பு என்றால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது என்று எண்ண வேண்டாம்; வேறுபடுத்த நியாயமான காரணம் இருக்கிறதா என்பதே இந்த வழக்குகளில் கேள்வி. வக்கீல் இல்லாமல் தண்டிக்கப்பட்டவருக்குக்கூட, அந்தத் தீர்ப்பு ரத்தாகும்வரை துப்பாக்கித் தடை செல்லும் என்று 1980 லூயிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாறாக, தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸாருக்குக் கலிஃபோர்னியா தந்த விலக்கு, நியாயமான காரணம் இல்லாததால் 2002-இல் அடிபட்டது.

கடைசியாக, விசாவில் போயிருக்கும் நம்மவர்களுக்கு: கிரீன் கார்டு இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். எச்-1பி விசாக்காரருக்கு மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை இல்லாமல் சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூடக் குற்றமாகலாம்.