சிபிஆர் வகுப்புக்கு முதல்முறையாகப் போகிறீர்களா?

சிபிஆர் என்பது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி, மூச்சும் கொடுத்து உயிர்காக்கும் முதலுதவி. அதன் முதல் வகுப்புக்குப் போய்வந்த மறுநாள் எனக்குத் தோள்பட்டையும் முழங்காலும் நன்றாக வலித்தன. பாடம் கேட்கப் போகிறோம் என்ற நினைப்பில் நோட்டும் பேனாவும் எடுத்துப் போயிருந்தேன். நோட்டைத் திறக்க நேரமே கிடைக்கவில்லை. தரையில் மண்டியிட்டு, மனித உருவப் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தோம். நீங்களும் அப்படித் திகைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்

பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று பொதுமக்களுக்கானது. இன்னொன்று 'பிஎல்எஸ்' எனப்படும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி. செவிலியர், மருத்துவ மாணவர் போன்றவர்களுக்கானது. வேலைக்காகச் சான்றிதழ் கேட்டிருந்தால், எந்த வகை வேண்டும், எந்த அமைப்பின் சான்றிதழை ஏற்பார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்தை இணையத்தில் படித்துவிட்டு, செய்முறைக்கு மட்டும் நேரில் போகும் ஏற்பாடும் உண்டு. அது நல்லதுதான். ஆனால் முழுக்க இணையத்திலேயே முடித்துச் சான்றிதழ் தருகிறோம் என்றால் நான் ஒதுங்கிவிடுவேன். நீச்சலை வீடியோ பார்த்துக் கற்ற மாதிரிதான் அது. பல வேலையிடங்களில் அந்தச் சான்றிதழை ஏற்பதும் இல்லை.

படி 2: உடையும் உடம்பும்

குனிந்து மண்டியிட வசதியான தளர்வான உடை போதும். முழங்கால் வலி, முதுகு அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொம்மையை மேசைமேல் வைத்துத் தருவார்கள், அல்லது வேறு வழி சொல்வார்கள்.

படி 3: பொம்மையோடு பேசப் பழகுங்கள்

கூச்சம் வருவது இங்கேதான். சுற்றுப்புறம் பாதுகாப்பானதா என்று பார்த்து, பொம்மையின் தோளைத் தட்டி, "சார், கேட்குதா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவராகக் குறிப்பாகக் கை காட்டி, "நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, நீங்க ஏஇடி கொண்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். (ஏஇடி என்பது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி.) "யாராவது கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தினால், பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவார் என்று எல்லோருமே நின்றுவிடுவார்கள்.

அடுத்து மூச்சைப் பார்ப்பது. அதற்கு 10 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல எப்போதாவது ஒரு திணறல் வந்தால் அது மூச்சே இல்லை. இதயம் நின்றவரிடம் முதல் சில நிமிடங்களில் இது வரலாம். மூச்சு இருக்கிறதே என்று அதைப் பார்த்து ஏமாந்து நிற்பவர்கள் நிறைய. வகுப்பில் இதைக் காட்டும் வீடியோ இருந்தால் கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

படி 4: அழுத்துவது

மூச்சு இல்லையென்றால் அடுத்து நெஞ்சை அழுத்துவது. வகுப்பின் பெரும்பகுதி இதுதான். நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்ற கையை அதன்மேல் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேராகக் கைக்கு மேலே வர வேண்டும். கைப்பலத்தால் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். இடுப்பிலிருந்து சாய்ந்து உடல் எடையை இறக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. படிக்கும்போது சின்ன எண்ணாகத் தெரியும். பொம்மையின் நெஞ்சில் 5 சென்டிமீட்டர் இறக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். முதல் முயற்சியில் என் பொம்மையிலிருந்து 'கிளிக்' சத்தமே வரவில்லை. சரியான ஆழத்துக்குப் போனால்தான் அது வரும். சில பொம்மைகளில் வேகத்தைக் காட்டும் விளக்கும் இருக்கும்.

வேகம் பிடித்ததும் அடுத்த தவறு தொடங்கும்: நெஞ்சின்மேலேயே சாய்ந்துகொள்வது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வருவது அந்த இடைவெளியில்தான்.

விலா எலும்பு முறிந்துவிட்டால் என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். ஆமாம், முறியலாம். அதற்காக நிறுத்தக் கூடாது. எலும்பு பிறகு கூடிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வார்கள். நான் சமாளிப்பேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள், களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும்.

படி 5: மூச்சு கொடுப்பது

30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து ஒரு நொடி ஊத வேண்டும். நெஞ்சு லேசாக எழும்பினால் போதும், பலூன் ஊதுவதுபோல ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய்விடும். சுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முகத் தடுப்புத் தாள் தருவார்கள், பொம்மையையும் துடைத்துவிடுவார்கள்.

படி 6: ஏஇடி

பார்க்கப் பயமாக இருக்கும் கருவி. உண்மையில் வகுப்பிலேயே எளிதான பகுதி இதுதான். திறந்து ஆன் செய்தால் அதுவே பேசும். நெஞ்சில் ஒட்டும் பேட் இரண்டு இருக்கும்: ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மின்னதிர்ச்சி தேவையா என்பதைக் கருவியே ஆராய்ந்து சொல்லும். உங்கள் வேலை, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதும், அதிர்ச்சி கொடுத்த கையோடு மறுபடி அழுத்தத் தொடங்குவதும். பயிற்சிக் கருவியில் மின்சாரம் பாயாது, தைரியமாகப் பொத்தானை அழுத்துங்கள்.

குழந்தைகளுக்கான முறையும் தொண்டை அடைப்புக்கான முதலுதவியும் பல வகுப்புகளில் சேர்ந்தே வரும். கைக்குழந்தைக்கு ஆழம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான், கை வைக்கும் விதமும் வேறு.

படி 7: தேர்வும் சான்றிதழ் அட்டையும்

பயிற்சியாளர் முன்னால் முழு வரிசையையும் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். பிஎல்எஸ் என்றால் எழுத்துத் தேர்வும் உண்டு. தப்பு செய்தால் பெரும்பாலும் திருத்திவிட்டு மறுபடி செய்யச் சொல்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க இதயச் சங்கம் தரும் அட்டை இரண்டு ஆண்டு செல்லும். ஆனால் கைப்பழக்கம் அதற்கு வெகு முன்பே, சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். அதனால் இடையில் ஒருமுறை பொம்மையில் அழுத்திப் பார்க்க முடியுமா என்று கிளம்பும் முன் பயிற்சியாளரிடம் கேட்டுவையுங்கள். அப்படியே அட்டையில் உங்கள் பெயரின் எழுத்துகளையும் சரிபார்த்துவிடுங்கள். என் அட்டையில் பிழை இருந்தது. மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது.