திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ மட்டும்

மாங்குளத்தில் காலையில் கார் ஸ்ராட் ஆகவில்லை. ‘டிக்’ என்றது, லைற் மங்கியது. மல்ரிமீற்றரில் பற்றரி 12.5 வோல்ட். மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரி முனையிலும் மற்றதை அதில் பூட்டியிருக்கும் வயர்க் கவ்வியிலும் வைத்து, திறப்பைத் திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் நிற்கவேண்டும், 5 காட்டியது. தடை அந்த இடத்தில்தான்.

கவ்விக்குள் வெள்ளைப் பூப்பு. 10 ஸ்பானரால் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்பானர் காரின் இரும்பு உடம்பில் முட்டிப் பொறி பறக்கும். ஒரு கோப்பை சுடுதண்ணியில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா, பழைய பல் பிரஷ். நுரை அடங்கும்வரை தேயுங்கள், மூடித் துளைக்குள் மட்டும் போகவிடாதீர்கள். மண்தாளால் ஈயம் மினுங்கவேண்டும். பூட்டும்போது நெகட்டிவ் கடைசி, மேலே வாஸ்லின்.

ஒரே திருப்பில் ஸ்ராட். ஓடும்போது 14.2 வோல்ட், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ரர்னேற்றரும் சரி.

வன்னி வெயிலில் பற்றரித் தண்ணீர் கெதியாக வற்றும். வடித்த நீர்தான் விடவேண்டும். எங்கட கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம்.