வங்கிக் கடன் உள்ள வீட்டை வாங்குவது எப்படி? அட்வான்ஸ் முதல் பட்டா வரை

வீடு பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. அப்போதுதான் விற்பவர் சொல்வார்: "பத்திரம் பேங்குல இருக்கு. நீங்க பணம் கொடுத்தீங்கன்னா மீட்டுத் தந்துடறேன்." தமிழ்நாட்டில் மறுவிற்பனைக்கு வரும் வீடுகளில் இது அன்றாடம் நடப்பது. கடன் இருக்கிறது என்பதற்காக நல்ல வீட்டை விட வேண்டியதில்லை. ஆனால் கடனை அடைக்க வேண்டிய தொகை விற்பவர் கைக்குப் போகவே கூடாது, நேராகக் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும். கீழே உள்ள வரிசையை அதற்காகத்தான் அமைத்திருக்கிறோம்.

1. முதலில் இரண்டு கடிதங்கள்

அட்வான்ஸ் பேசுவதற்கு முன், விற்பவரைத் தன் வங்கிக்கு எழுதிக் கொடுத்து இரண்டு கடிதங்கள் வாங்கச் சொல்லுங்கள்.

முதலாவது எல்ஓடி (லிஸ்ட் ஆஃப் டாகுமென்ட்ஸ்). வங்கியிடம் எந்தெந்த அசல் ஆவணங்கள் இருக்கின்றன என்ற பட்டியல். கிரையப் பத்திரத்தோடு மூலப்பத்திரங்கள், கட்டட அனுமதி, வரைபடம் என ஒவ்வொன்றும் எண்ணோடு இருக்கும். உங்களுக்குக் கொடுத்த ஜெராக்ஸோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஜெராக்ஸில் இருக்கும் மூலப்பத்திரம் எல்ஓடியில் இல்லையென்றால், அதன் அசல் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை அடுத்த அடி வைக்க வேண்டாம்.

இரண்டாவது ஃபோர்குளோஷர் கடிதம், அதாவது கடனை முழுவதுமாக அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு. பாக்கி அசல், இன்றுவரை வட்டி, அதன் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு, எந்தத் தேதிவரை இந்தக் கணக்கு செல்லும் என்பதெல்லாம் இதில் இருக்கும். தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றால் கடன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று: இதே பத்திரத்தின் மேல் டாப்-அப் கடனோ (கூடுதலாக வாங்கிய கடன்), தொழிலுக்கான ஓடியோ (ஓவர்டிராஃப்ட்) இருக்கிறதா? வீட்டுக் கடனை மட்டும் அடைத்துவிட்டு நின்றால், மற்றக் கடன் முடியும்வரை வங்கி பத்திரத்தைத் தராது. "இந்தச் சொத்தின் மேல் வேறு பாக்கி இல்லை" என்ற வரியைக் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

2. ஈசியைப் படிப்பது

ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணுக்கும் தனியாகத் தேட வேண்டும். புது எண்ணுக்கு மட்டும் தேடினால், உட்பிரிவுக்கு முந்தைய அடமானம் கண்ணில் படாமல் போகலாம்.

"தன்மை" என்ற கட்டத்தைப் பாருங்கள். "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று இருந்தால் அதுதான் எம்ஓடி, அதாவது பத்திரத்தை வைத்து வாங்கிய கடன். ஒவ்வொரு எம்ஓடிக்கும் பின்னால் அதன் ஆவண எண்ணைக் குறிப்பிட்டு ஒரு "ரசீது" ஆவணம், அதாவது கடன் அடைந்துவிட்டது என்று வங்கி எழுதித் தருவது, பதிவாகியிருக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன்பே அடைத்த கடனுக்குக்கூட ரசீது போடாமல் விட்டிருப்பார்கள். கடன் இல்லாவிட்டாலும் ஈசியில் அது நிற்கும், உங்கள் வங்கி கடன் தர மறுக்கும். அந்தப் பழைய ரசீதையும் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஈசி சுத்தமாக இருந்தாலும் கடனே இல்லை என்று ஆகிவிடாது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனைப் பதிவு செய்யாமலும் வைத்திருக்க முடியும். அதனால் செர்சாய் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அந்தச் சொத்தைத் தேடிப் பாருங்கள். வங்கிகள் அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேடு அது.

3. கையெழுத்து போட வேண்டியவர்கள் யார்?

பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அது உரிமைமூலம் ஆகாது. பத்திரச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும்.

அப்பா பெயரில் இருந்து அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கல்யாணமாகிப் போன மகளும் வாரிசுதான். "அக்கா எதுவும் கேட்க மாட்டாங்க" என்பதைப் பத்திரத்தில் எழுத முடியாது. அவர் விற்பனையிலேயே கையெழுத்திடலாம், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்கூட்டிப் பதிவு செய்து தரலாம். இந்து மைனரின் பங்கு இருந்தால், தாயோ தந்தையோ காப்பாளராக விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றதை, அந்தப் பிள்ளை வயதுக்கு வந்தபின் ரத்து செய்யக் கேட்கலாம்.

பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் எழுதிக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பார்த்தே ஆக வேண்டும். பவரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வீடு நம்முடையது என்று இருக்க முடியாது. 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

4. அக்ரிமென்ட்

தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 2012 முதல் சட்டம். முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் வைத்திருப்பது ஆபத்து. அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்:

- எந்த வங்கி, கடன் கணக்கு எண், பாக்கித் தொகை
- அந்தத் தொகையை வாங்குபவரே கடன் கணக்கில் கட்டுவார், அது விலையில் கழியும்
- பத்திரங்களை வாங்குபவர் முன்னிலையில், அல்லது வாங்குபவரின் வங்கியிடம் ஒப்படைக்க விற்பவரின் சம்மதம்
- கடனில் இணைக் கடனாளி இருந்தால் அவருடைய சம்மதமும்
- விற்பனை நின்றுபோனால் பணம் எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும்

விற்பவர்கள் கவனிக்க: பதிந்த அக்ரிமென்ட்டும் ஈசியில் ஏறும். பேச்சு முறிந்தால் இரு தரப்பும் வந்து ரத்து ஆவணம் பதிய வேண்டும். வாங்க வந்தவர் வர மறுத்தால் உங்கள் வீடு மாட்டிக்கொள்ளும். அதனால் காலக்கெடுவையும், தவறினால் என்ன என்பதையும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

5. பணம் போகும் வழி

விலை 60 லட்சம், வங்கிப் பாக்கி 22 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 2 லட்சம் போதும். 22 லட்சத்தை டிடியாகவோ ஆர்டிஜிஎஸ்ஸாகவோ விற்பவரின் கடன் கணக்குக்கு அனுப்புங்கள். நீங்களும் கடன் வாங்குவதாக இருந்தால், உங்கள் வங்கியே கடன் கணக்கின் பெயரில் டிடி கொடுக்கும்.

விலை அல்லது வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) 50 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டியது வாங்குபவரின் கடமை. இங்கே 60,000 ரூபாய். வங்கிக்குப் போன 22 லட்சத்துக்கும் வரி உண்டு. அதை விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் பிடிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. வங்கிக்குக் கட்டும் தொகையில் குறைக்க முடியாது என்பதால், அந்த 22,000 ரூபாயை விற்பவருக்குத் தரும் மீதியில் கழித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும். விற்பவரின் பான் ஆதாருடன் இணையாமல் செயலற்றுக் கிடந்தால் விகிதம் 20 சதவீதமாகிவிடும்; முன்பே சோதியுங்கள். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் 1 சதவீதக் கணக்கே பொருந்தாது, ஆடிட்டரிடம் போங்கள்.

அட்வான்ஸைக்கூட ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

கடன் அடைந்தபின் 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேட்டில் உள்ள அடமானத்தையும் வங்கி நீக்க வேண்டும். அதன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

வங்கிக்குப் பணம் கட்டிய நாளுக்கும் கிரையம் முடியும் நாளுக்கும் நடுவேதான் வாங்குபவருக்கு நிஜமான ஆபத்து. பதிந்த அக்ரிமென்ட்டும், பணம் வங்கிவழி போனதற்கான சான்றும் அப்போது கைகொடுக்கும். விற்பவர் மறுத்தாலும், முன்கூட்டிக் கொடுத்த தொகைக்கு அந்தச் சொத்தின் மேலேயே உங்களுக்குப் பொறுப்புரிமை (சொத்திலிருந்தே அதை வசூலிக்கும் உரிமை) உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55 அதைத் தருகிறது. எப்படியும் இந்த இடைவெளியை எத்தனை நாள் குறைக்க முடியுமோ குறையுங்கள்.

6. ரசீது, பிறகு கிரையம்

வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து எம்ஓடியை ரத்து செய்வார். அது முடிந்ததும் கிரையம். அதே நாளில் இரண்டுக்கும் டோக்கன் போட முடிந்தால் நல்லது.

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 4,20,000 மற்றும் 1,20,000, ஆக 5,40,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு விலையைவிடக் கூடுதலாக இருந்தால் கணக்கு அதன் மேல் போகும்.

பதிவுக்கு முன் வரைவில் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, கதவு எண் நான்கையும் மூலப்பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பிழை நேர்ந்தால் திருத்தல் பத்திரத்துக்கு விற்பவர் மறுபடி வந்தாக வேண்டும்.

7. கடனை வேறு வங்கிக்கு மாற்றுபவர்களுக்கு

விற்பனை இல்லாமல் வட்டி குறைகிறது என்று கடனை மாற்றும்போதும் இதே காகிதங்கள்தான்: எல்ஓடி, ஃபோர்குளோஷர் கடிதம், பழைய எம்ஓடிக்கு ரசீது, புது வங்கிக்குப் புது எம்ஓடி. புது எம்ஓடியின் முத்திரைத்தீர்வை, செயலாக்கக் கட்டணம், வக்கீல் கருத்துரைக் கட்டணம் மூன்றையும் கூட்டி, மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிடுங்கள். கடைசிச் சில ஆண்டுகளில் இருக்கும் கடனில் பெரும்பாலும் அசல்தான் பாக்கி. மாற்றினாலும் பெரிதாக மிஞ்சாது.

8. பதிவுக்குப் பின்

சில நாள் கழித்து மறுபடி ஈசி போடுங்கள். எம்ஓடி, ரசீது, உங்கள் கிரையம் மூன்றும் வரிசையாகத் தெரிய வேண்டும். செர்சாயிலும் பழைய வங்கியின் பதிவு நீங்கியிருக்கிறதா பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அந்த வங்கிக்கு விற்பவர் வழியாகவே எழுத வேண்டும், அதனால் அவரிடம் தொடர்பு இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். பட்டா மாறுதல், சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவற்றுக்குப் பதிவு எண்ணோடு விண்ணப்பிக்கலாம். மின் கட்டண, சொத்துவரி பாக்கி இல்லை என்பதற்கான ரசீதுகளைச் சாவி வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.